காசோலை தேய்ந்த வரலாறு

காசோலை என்பது நல்ல சொல்லாக்கம். கடைத்தெருவில் செக்கு என்றும் அலுவலகத்தில் செக் என்றும் வழங்கிய ஒன்றைக் காசு, ஓலை என்னும் இரு பழஞ்சொற்களின் கூட்டால் தமிழ் தனதாக்கிக்கொண்டது. ஓலை என்பது நம் முன்னோருக்கு வெறும் பனையேடு அன்று. கடிதமும் ஓலையே, பத்திரமும் ஓலையே, அரசன் ஆணையும் ஓலையே. சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியாய்ப் பிறப்பித்த ஆணையை எழுத்தில் வடிக்கத் திருமந்திர ஓலை என்னும் அதிகாரி இருந்தார். அவருக்கு மேல் ஓலைநாயகம் இருந்தார். கல்வெட்டுகளின் இறுதியில் ‘இவை என் எழுத்து’ என்று ஒருவர்பின் ஒருவராய்ப் பலர் ஒப்பமிட்டிருப்பதையும் காண்கிறோம். ஆணை, தொகை, பெறுவோர் பெயர், ஒப்பம் ஆகிய நான்கும் ஓர் ஏட்டில் அடங்கிய காசோலைக்கு ஓலை என்னும் பெயர் மிகவும் பொருந்தும்.

அந்த ஓலை இன்று நம் கண்முன்னே தேய்ந்துவருகிறது. சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டில் 6 கோடியே 10 இலட்சம் காசோலைகள் புழங்கின. 2022ஆம் ஆண்டில் அத்தொகை 1 கோடியே 90 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆறே ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மறைந்தது என்க. 2023 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து, நிறுவனங்களின் காசோலைகள் 2025 இறுதியோடு ஒழிக்கப்படும் என்று அறிவித்தன. தனியாட்கள் அதற்குப் பின்னும் சிறிது காலம் எழுதலாம் என்று விட்டுவைத்தன. மலேசியாவிலோ இறுதி நாள் குறித்து முழங்கும் அறிவிப்புக்கு முன்னரே, கட்டணம் என்னும் சிறு ஆணியால் காசோலை மெல்ல அறையப்பட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இயந்திரம் வந்தது, காகிதம் போயிற்று என்று இதனை ஒரே வரியில் சொல்லி முடிப்பவர் பலர். அது பாதி உண்மை. காசோலை ஒரே தாளில் மூன்று வேலைகளைச் செய்துவந்தது. பணத்தைச் செலுத்துவது ஒன்று. இன்ன நாளில் தருவேன் என்று வாக்குக் கொடுப்பது மற்றொன்று. பொதுப்பணத்தை ஒருவரே எடுத்துவிடாதபடி இருவர் மூவர் ஒப்பத்தால் காப்பது வேறொன்று. இம்மூன்றும் ஒரே வேகத்தில் சாகவில்லை. முதலாவது எளிதிற் செத்தது. இரண்டாவது இழுபறியில் கிடந்தது. மூன்றாவதைப் பற்றி எவரும் போதிய அளவு பேசவில்லை. ஆசிரியர்களாகிய நாம் பேசவேண்டியது அதுபற்றியே என்பது என் கருத்து.

இலண்டனில் பிறந்த வழக்கம்

‘செக்’ என்ற சொல்லே அரபியரின் ‘ஸக்’ என்பதிலிருந்து வந்தது என்பாரும் உளர். பாக்தாதை ஆண்ட கலீபாக்கள் காலத்து வணிகர்கள் ஸக் என்னும் பணவோலைகளை எழுதியது உண்மை. சொல் அதனின்று பிறந்தது என்பதை மொழிநூலார் எல்லாரும் ஒப்புவதில்லை. சரிபார்த்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே, மோசடியைக் கண்டுபிடிக்க உதவும் அடிக்கட்டைக்குப் பெயராகி, பின்னர்த் தாளுக்கும் பெயராயிற்று என்பது அவர்கள் பெரும்பாலோர் கொள்கை.

இங்கிலாந்தில் கையெழுத்தாலேயே முழுதும் எழுதப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய காசோலைகளுள் ஒன்று 1659 பிப்ரவரி 16 நாளிட்டது. தொகை 400 பவுன். அக்காலத்துக் காசோலை, பணம் வைத்திருப்பவருக்கு ஒருவர் எழுதும் சாதாரணக் கடிதமே. ‘இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள்’ என்று அன்போடு கேட்டு ஒப்பமிடுவர். அச்சிட்ட படிவமெல்லாம் பின்னால் வந்தவை.

காசோலையை உலகாளச் செய்தது எழுதும் முறை அன்று, தீர்க்கும் முறை. ஒரு வங்கியின் காசோலையை மற்றொரு வங்கியில் போட்டால், அந்த வங்கியின் எழுத்தர் அதைச் சுமந்துகொண்டு முதல் வங்கிக்கு நடந்துபோய்ப் பணம் வாங்கிவர வேண்டும். இலண்டனில் இவ்வாறு நாள்தோறும் எழுத்தர்கள் தெருத்தெருவாய் நடந்தார்கள். கால் நோவு அறிவைத் தீட்டும் போலும்! அவர்கள் ஒரு விடுதியில் கூடி, உன்னிடம் உள்ள எங்கள் காசோலையை நீ தா, எங்களிடம் உள்ள உங்கள் காசோலையை நான் தருகிறேன், மிச்சத்தை மட்டும் பணமாய்த் தீர்த்துக்கொள்வோம் என்று தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இது 1770ஆம் ஆண்டை ஒட்டிய செய்தி. பெரிய வங்கிமுதலாளிகள் கூடி வகுத்த திட்டமன்று இது. நடந்து களைத்த சிற்றெழுத்தர்கள் கண்ட உபாயம். அதுவே தீர்வகம் என்னும் பெரும் நிறுவனமாய் வளர்ந்தது. காசோலையின் குறுக்கே இரு கோடு கிழிக்கும் வழக்கமும் அங்கே தோன்றியதுதான். எந்த வங்கிக்குச் சேரவேண்டியது என்று தெரிவதற்காக எழுத்தர்கள் தத்தம் வங்கியின் பெயரைக் குறுக்கே எழுதி வைத்தனர். பெயர் எழுதிய குறுக்கெழுத்து நாளடைவில் கோடாயிற்று, கோடு பாதுகாப்பாயிற்று.

இந்த வழக்கங்களையெல்லாம் திரட்டிப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1882ஆம் ஆண்டில் மாற்றுண்டியல் சட்டம் இயற்றியது. மலாயாவின் 1949ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வழிவந்ததே. கேட்டவுடன் செலுத்தும்படி வங்கியின் மீது எழுதப்படும் ஆணையே காசோலை என்பது அச்சட்டங்களின் இலக்கணம். ‘கேட்டவுடன்’ என்னும் சொல்லை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

உண்டியலும் காசோலையும்

நம் மக்கள் நடுவே காசோலைக்கு முந்தியது உண்டியல். கோயிலில் காணிக்கை போடும் உண்டியலை ஈண்டுக் கூறவில்லை. வடநாட்டார் ஹுண்டி என்ற வணிக ஓலையையே கூறுகிறேன். பினாங்கின் பினாங்குத் தெருவிலும், கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கிலும், சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு சாய்வுமேசை, ஓர் இரும்புப்பெட்டி, அவ்வளவே. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசையாய் ஆட்கள். அங்கே எழுதிய ஓலை காரைக்குடியிலும் இரங்கூனிலும் கொழும்பிலும் பணமாயிற்று.

உண்டியல் இருவகைப்படும். கண்டவுடன் பணம் தருவது தரிசன உண்டியல். குறித்த நாள் கழிந்தபின் தருவது தவணை உண்டியல். அதாவது, செலுத்துவதற்கு ஒன்று, வாக்குக்கு ஒன்று என்று தனித்தனியே இரண்டு கருவிகளை நம் வணிகர் வைத்திருந்தனர். இந்நுட்பத்தை வரலாறு எழுதுவோர் பலர் கவனியாது விட்டனர்.

அத்தனை நுட்பமுடைய உண்டியல் ஏன் காசோலைக்குத் தோற்றது? ஒருவரையொருவர் அறிந்த கூட்டத்துக்குள் மட்டுமே அது ஓடும் என்பதுதான் காரணம். ஓலையின் வலிமை எழுதிய கடையின் பெயரில் இருந்தது. அந்தப் பெயரை அறியாத சீன வணிகருக்கோ ஆங்கிலக் கம்பெனிக்கோ அது வெறும் காகிதம். காசோலையோ அறியாதார் நடுவிலும் ஓடியது. பின்னால் சட்டம் நின்றது, தீர்வகம் நின்றது. சிங்கப்பூரில் 1840ஆம் ஆண்டில் கல்கத்தா யூனியன் வங்கி முதன்முதற் கிளை திறந்தது. 1859ஆம் ஆண்டில் சார்ட்டர்டு வங்கி வந்தது. 1903ஆம் ஆண்டில் குவாங் யிக் வங்கி சிங்கப்பூரின் முதல் சீன வங்கியாய்த் தோன்றியது. நகரத்தாரும் பின்தங்கிவிடவில்லை. 1937ஆம் ஆண்டில் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியபோது, காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்து, அடுத்துப் பினாங்கிலும் கிளை வைத்தார். உண்டியல் எழுதிய குலத்தார் காசோலைப் புத்தகமும் கொடுத்தனர். அப்பெருமகன் 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர்க் காலாங் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் உயிர்நீத்தார் என்பது இந்நாட்டுத் தமிழர் பலர் இன்று மறந்துபோன செய்தி.

தோட்டத்துக்கு வராத காசோலை

இனி, நம்மவருள் பெரும்பாலோர் வாழ்ந்த தோட்டப்புறத்தைப் பார்ப்போம். காசோலையின் பொற்காலம் என்று நூல்கள் கூறும் காலத்தில் பால்மரம் வெட்டியவருக்குக் காசோலை தெரியாது. துரை ஒரு காசோலையில் ஒப்பமிடுவார். அது பட்டணத்து வங்கிக்குப் போகும். அங்கிருந்து நோட்டும் சில்லறையுமாய்ப் பணம் தோட்டத்துக்கு வரும். சம்பள நாளில் பெரிய கிராணி பெயர் கூப்பிட, ஒவ்வொருவராய்ப் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் வாங்குவர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அந்தப் பணத்தைத் தோட்டத்துப் பாதையில் கொண்டுவருவதே உயிருக்கு ஆபத்தான வேலையாய் இருந்தது. ஒரே ஒரு காசோலை நூற்றுக்கணக்கான கைகளுக்கு முன்னே நின்றுவிட்டது என்பதே இதன் பொருள்.

தோட்டத் தொழிலாளி கையில் காசோலை வந்தது அவர் வாழ்நாளில் ஓரிரு முறையே. 1951ஆம் ஆண்டில் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் பணத்தை வயதான காலத்தில் எடுக்கும்போது ஒன்று வந்திருக்கும். காப்புறுதிப் பணமோ இழப்பீடோ கிடைத்தால் மற்றொன்று. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துவருவார்கள். யான் ஆசிரியப் பயிற்சி முடித்து முதன்முதலில் பணியேற்ற தோட்டப்பள்ளியில், மூத்த ஆசிரியர் ஒருவர் பாடம் நடத்துவதோடு காசோலை வாசித்துச் சொல்வதையும் ஒரு கடமையாய் வைத்திருந்தார். ‘ஐயா, இதுல எவ்வளவு போட்டிருக்கு பாருங்க’ என்று கேட்டுக்கொண்டு பெரியவர்கள் ஓய்வு நேரத்தில் வந்து நிற்பார்கள். அவர் தொகையைப் படிப்பார். பெயரில் எழுத்துப்பிழை உண்டா என்றும் பார்ப்பார். அடையாள அட்டையில் ஒருவிதமும் காசோலையில் வேறுவிதமுமாய்ப் பெயர் இருந்தால் வங்கி திருப்பிவிடும். முனியம்மா, முனியம்மாள் என்னும் ஒரு மெய்யெழுத்து வேறுபாட்டுக்காகப் பேருந்து ஏறிப் பட்டணத்துக்கு மும்முறை அலைந்தவர்களை நான் கண்டதுண்டு.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். பாட்டன் கையில் நோட்டு, பேரன் கையில் கைப்பேசி; இடையில் காசோலைக் காலம் என்ற ஒன்று அக்குடும்பத்தின் வாசலை மிதிக்கவே இல்லை. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம், ‘ஐயா, காசோலைன்னா பெரிய அட்டைதானே?’ என்று கேட்டான். அவன் மேல் பிழையில்லை. பள்ளி விழாக்களில் தலைவர்கள் நன்கொடை வழங்கும்போது நால்வர் பிடித்துக்கொண்டு படமெடுக்கும் ஆளுயர மாதிரிக் காசோலையைத்தான் அவன் பார்த்திருக்கிறான். உண்மைக் காசோலை மறைய மறைய, இந்த அட்டைக் காசோலை மட்டும் நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே வருகிறது!

விலை வைத்தபோது

காசோலை வீழ்ந்தது எப்படி? புதுமை மோகத்தால் மட்டும் அன்று. இதுகாறும் மறைந்திருந்த செலவுக்கு விலைச்சீட்டு ஒட்டியதால் என்பேன்.

காசோலை எழுதுபவருக்கு அது ஏறத்தாழ இலவசமாகவே தோன்றியது. தாளை அச்சிடுவது, சுமப்பது, பிரிப்பது, ஒப்பத்தைப் பார்ப்பது, திரும்பியதைத் திருப்பி அனுப்புவது ஆகிய எல்லாவற்றையும் வங்கி தாங்கியது. மேலும், எழுதிய நாளுக்கும் பணம் கணக்கிலிருந்து கழியும் நாளுக்கும் இடையில் சில நாள் கிடைக்கும். வெளியூர்க் காசோலையானால் இன்னும் அதிகம். ‘செக் தபாலில் போட்டுவிட்டோம், வந்துவிடும்’ என்று சொல்லாத வணிகர் உண்டோ? அந்தத் தாமதமே எழுதுபவருக்கு வட்டியில்லாத கடன்.

அதை முதலில் பறித்தது காசோலையின் உருவப்படம். தாளைச் சுமக்காமல் அதன் படத்தை மட்டும் மின்னியல் வழியாய் அனுப்பும் முறை சிங்கப்பூருக்கு 2003ஆம் ஆண்டில் வந்தது. மலேசியாவிலும் அதே முறை சில ஆண்டுகளில் வந்தது. காசோலை விரைவாயிற்று, விரைவானதனாலேயே வணிகருக்கு அதன்மேல் இருந்த இரகசியக் காதல் குறைந்தது. இது வேடிக்கையான முரண்.

அடுத்தது கட்டணம். பேங்க் நெகாரா மலேசியா தன் 2011 முதல் 2020 வரையிலான நிதித்துறைத் திட்டத்தில், ஆண்டுக்கு 20 கோடியே 70 இலட்சமாய் இருந்த காசோலைகளை 10 கோடியாய்க் குறைப்பது என்று இலக்கு வைத்தது. அதற்கு அது கையாண்ட வழி எளியது. 2013ஆம் ஆண்டில் வங்கியிலிருந்து வங்கிக்கு இணையவழிப் பணம் அனுப்பும் கட்டணத்தை 10 காசாய் இறக்கினார்கள். 2015 ஜனவரி 2 முதல் ஒவ்வொரு காசோலைக்கும் 50 காசுக் கட்டணம் வைத்தார்கள். முன்பே 15 காசு முத்திரைவரி இருந்தது. 10 காசு ஒரு பக்கம், 65 காசு மறுபக்கம். ஐம்பது காசு யாரையும் ஏழையாக்காது. ஆனால் மாதம் முந்நூறு காசோலை எழுதும் கணக்காளர் அதைக் கூட்டிப் பார்ப்பார். 2018 ஜூலை முதல் 5,000 ரிங்கிட் வரையிலான உடனடி மாற்றத்துக்குத் தனியாட்களும் சிறு தொழிலாரும் கட்டணமே தரவேண்டாம் என்றாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் டுயிட்நவ் வந்தது. கணக்கு எண் தேவையில்லை, கைப்பேசி எண்ணே போதும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தபோது, வங்கிக்குப் போய்க் காசோலை போடவும் இயலாது போயிற்று. 10 கோடி என்னும் இலக்கு எட்டப்பட்டதில் வியப்பொன்றுமில்லை.

சிங்கப்பூர்க் கதையில் வேறோர் உண்மை தெரிகிறது. அங்கே உடனடி மாற்று முறை 2014ஆம் ஆண்டிலும் பேநவ் 2017ஆம் ஆண்டிலும் வந்தன. 2018ஆம் ஆண்டிலேயே அமைச்சர் ஓங் யி காங், 2025க்குள் காசோலை இல்லாத நாடாவோம் என்று அறிவித்தார். மக்கள் விட்டுவிட விட்டுவிட, எஞ்சிய காசோலைகள் ஒவ்வொன்றின் செலவும் ஏறிற்று. இயந்திரமும் ஆளும் அதேதான். வகுக்கும் எண் மட்டும் சிறுத்தது. 2016ஆம் ஆண்டில் ஒரு காசோலையைத் தீர்க்கச் சராசரி 10 காசு. 2021ஆம் ஆண்டில் 40 காசு. ஆகவே 2023 நவம்பர் 1 முதல் வங்கிகள் கட்டணம் வாங்கத் தொடங்கின. கட்டணம் வந்ததும் இன்னும் பலர் விடுவர். விட்டால் செலவு இன்னும் ஏறும். தேய்வு தானே தன்னை வளர்க்கும் நிலை இது. ஓடாத பேருந்துத் தடத்தில் கட்டணம் ஏறுவது போன்றது. கட்டணம் ஏறினால் எஞ்சிய பயணிகளும் இறங்கிவிடுவார்கள்.

இங்கிலாந்தில் நடந்ததையும் ஒரு சொல் கூறவேண்டும். அங்கே காசோலைப் புழக்கத்தின் உச்சம் 1990ஆம் ஆண்டு. 2009 டிசம்பரில், 2018 அக்டோபரோடு காசோலைத் தீர்வகத்தை மூடுவதென்று தீர்மானித்தார்கள். முதியோரும் அறநிலையங்களும் பெருங்குரல் எழுப்பின. பாராளுமன்றக் குழு விசாரித்தது. 2011 ஜூலையில் அத்தீர்மானத்தையே கைவிட்டார்கள். டென்மார்க்கு 2017ஆம் ஆண்டிலும் நியூசிலாந்து வங்கிகள் 2021ஆம் ஆண்டிலும் ஒழித்துக்கட்டியதைப் பிறந்த நாடு இன்னும் செய்யவில்லை.

வாக்கு எங்கே போவது?

செலுத்தும் வேலை இவ்வாறு கைமாறிற்று. வாக்குக் கொடுக்கும் வேலையோ கைமாற மறுத்தது.

சட்டப்படி காசோலை கேட்டவுடன் செலுத்தவேண்டியது என்று மேலே கண்டோம். வணிகரோ அதைத் தவணை உண்டியலாகவே பயன்படுத்தினர். மூன்று மாதம் தள்ளித் தேதியிட்ட பின்தேதிக் காசோலையைக் கொடுத்துச் சரக்கு எடுப்பார்கள். வீடு வாடகைக்கு எடுப்பவர் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு காசோலைகளை முன்கூட்டியே எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவார். பின்தேதியிட்டதால் மட்டும் ஓலை செல்லாததாகாது என்று சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. அந்த வாக்குக்குப் பல்லும் இருந்தது. மலேசியாவில் 12 மாதத்துக்குள் மூன்று காசோலைகள் பணமின்றித் திரும்பினால் நடப்புக் கணக்கு மூடப்படும் என்பது விதி. ஆகவே பெட்டியில் பூட்டிவைத்த பின்தேதிக் காசோலை வெறும் தாளாகாது. எழுதியவரின் மானம் அதில் அடமானமாய் இருந்தது.

கைப்பேசியில் அனுப்பும் பணமோ இந்த நொடியில் போகும், அல்லது போகாது. நாளைய தேதியிட்டு ஓர் ஏற்பாடு செய்யலாம். ஆனால் அனுப்புவோர் நினைத்தால் இன்றிரவே அதை நீக்கிவிடலாம். பெறுவோர் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சிங்கப்பூர் குறித்த கெடுவை நீட்டவேண்டி வந்ததன் உட்பொருள் இதுவே. புதிய நிறுவனக் காசோலைப் புத்தகங்கள் 2025 டிசம்பர் 31க்குப் பின் இல்லை என்றும், நிறுவனக் காசோலைகளைத் தீர்ப்பது 2026 டிசம்பர் 31 வரை நீளும் என்றும் மாற்றி அறிவித்தார்கள். இடைப்பட்ட காலத்தில், 2025ஆம் ஆண்டின் நடுவில், பெரிய வங்கிகள் ஏழும் சேர்ந்து மின்னியல் தவணைச் செலுத்து முறை ஒன்றைக் கொண்டுவர ஏற்பாடாயிற்று. அதில் இரண்டு வகை. ஒன்றில், குறித்த நாளில் பெறுவோர் ஏற்றுக்கொள்ளும்போதுதான் பணம் கழியும். கணக்கில் பணமில்லையேல் காசோலை போலவே தவறிப்போகும். மற்றொன்றில், வழங்கும்போதே பணம் கழிந்து ஒதுக்கப்பட்டுவிடும். வீடு நிலம் வாங்குவோர் வங்கியில் எடுத்துவந்த உறுதிக் காசோலைக்கு ஈடானது அது.

மார்க்கெட் தெருவின் மேலாள் ஒருவர் எழுந்து வந்து இதைக் கேட்டால், ‘இதைத்தானே தவணை உண்டியல் என்றோம்?’ என்பார். செலுத்துவதற்கு ஒரு கருவி, வாக்குக்கு வேறொரு கருவி என்று அவர்கள் பிரித்து வைத்ததைக் காசோலை ஒன்றாக்கிற்று. மின்னியல் மீண்டும் பிரித்தது.

இரண்டு ஒப்பம்

மூன்றாவது வேலைக்கு வருவோம். கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், மரண சகாயநிதி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் முதலிய நம் சிறு அமைப்புகளை நூறாண்டாய்ப் பெரும்பாலும் காத்துவந்தது சட்டநூல் அன்று. காசோலையில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும் என்னும் ஒரு விதியே. பொருளாளர் நல்லவராய் இருக்கவேண்டும் என்பதில்லை. இன்னொருவர் பார்க்காமல் பணம் வெளியேறாது என்பது போதும். ஒப்பத்துக்காக அலைவது தொல்லைதான். அந்தத் தொல்லையே காவல். காசோலையின் அடிக்கட்டையைப் புரட்டினால் எந்த நாளில், யாருக்கு, எதற்கு என்பது ஆண்டுக்கூட்டத்தில் எவருக்கும் தெரியும். அந்த ஒப்பத்தைத் தமிழிலேயே இட்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள். ஒப்பம் எம்மொழியிலும் இருக்கலாமன்றோ? மறைச்சொல் எண்ணுக்கு மொழியேது?

இன்று நடப்பது என்ன? திருவிழா நன்கொடைக்கு வைக்கும் கியூஆர் குறியீடு பல இடங்களில் ஒரு தனியாளின் கணக்கைக் காட்டுகிறது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். செலவும் முறையாய் நடக்கலாம். ஆயினும் பொதுப்பணம் அவருடைய வீட்டுச் செலவுப் பணத்தோடு ஒரே பையில் கிடக்கிறது. அவர் திடீரென்று கண்மூடினால் அது அவருடைய வாரிசுகளின் சொத்துக் கணக்கில் அகப்படும். யான் அறிந்த ஓர் அமைப்பில் இத்தகைய குழப்பத்தால் இரு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாது பிரிந்தன. திருடியவர் அங்கே ஒருவருமில்லை. பிரித்துக் காட்ட வழியில்லாது போனதே துன்பம்.

வங்கிகள் இதற்கு வழி செய்யாமலில்லை. அமைப்பின் பெயரிலுள்ள கணக்கில், ஒருவர் செலுத்தவேண்டியதைப் பதிவுசெய்ய, மற்றொருவர் தம் கைப்பேசியில் ஒப்புதல் தந்தபின்னரே பணம் போகும்படி அமைக்கலாம். இரண்டு ஒப்பத்தின் மறுபிறவி அது. ஆனால் அது பெரும்பாலும் நிறுவனங்களுக்கென வகுத்த சேவை. மாதக்கட்டணம் உண்டு, படிவங்கள் உண்டு, பொறுப்பாளர் மாறும்போதெல்லாம் தீர்மானப் படியோடு வங்கிக்குப் போகவேண்டும். ஆண்டுக்கு இருபது முறை மட்டுமே பணம் கொடுக்கும் தோட்டத்துக் கோயிலுக்கு இது பாரமே. காசோலைக்குக் கட்டணம் வைத்தவர்கள், சிறு அமைப்புகளின் இரட்டை ஒப்பத்துக்கு மட்டும் கட்டணம் வேண்டாம் என்று விட்டிருக்கலாம். இங்கிலாந்தில் அறநிலையங்கள் எழுப்பிய குரலிலும் இந்தக் கவலை இருந்தது.

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு யான் ஆலோசகன் மட்டுமே. பணம் எடுக்கும் உரிமை எனக்கில்லை. அச்சங்கத்தின் காசோலைப் புத்தகத்தில் இன்னும் சில தாள்கள் எஞ்சியுள்ளன. மற்றச் செலவுகளுக்கு இணையவழியே பணம் அனுப்புகிறார்கள். அனுப்பிய சீட்டை அன்றே அச்செடுத்து, எதற்காக என்று கையால் எழுதி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அதன்மேல் ஒப்பமிட்டுப் பழைய அடிக்கட்டைகள் இருக்கும் அதே கோப்பில் தைத்து வைக்கிறார்கள். கணக்காய்வாளர் வந்தால் அந்தக் கோப்பைத்தான் முதலில் கேட்கிறார்.